பழைய 50 எம்எம் லென்ஸும் கறிவேப்பிலைச் செடியும்

கடலோர ஊரில் லென்ஸ் வாங்கி வைத்தால் என்றைக்காவது ஒருநாள் அதில் பூஞ்சை பிடிக்கத்தான் செய்யும். கடலூரில் அதற்கு மழைக்காலம்கூட வேண்டாம், சித்திரை வெயிலிலேயே காற்றின் ஈரம் உடம்பில் ஒட்டும். என் நிக்கான் 50 எம்எம் எஃப் 1.8 டி லென்ஸுக்கு அந்த வேளை ஃபெஞ்சல் புயலோடு வந்தது. 2024 நவம்பர் 30 அன்று புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. மேலே கொட்டிய மழையில் சாத்தனூர் அணை நிரம்பி, திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணை வழியாக எங்கள் தெருவுக்கும் வந்தது. கேமராப் பை பரணில் இருந்ததால் நனையவில்லை. ஆனால் தண்ணீர் வடிந்து வாரக்கணக்கில் சுவர் காயவில்லை. பைக்குள் இருக்கும் ஸ்பாஞ்சு அந்த ஈரத்தை எல்லாம் குடித்து வைத்துக்கொண்டது. பொங்கல் சமயத்தில் எடுத்து டார்ச் அடித்துப் பார்த்தால், முன்பக்கக் கண்ணாடிக்கு உள்ளே வெள்ளை நூல் கிளை விட்டுப் படர்ந்திருந்தது.

சர்வீஸுக்கு விசாரித்தேன். சொன்ன தொகைக்கு இதே லென்ஸைப் பழையதாக இன்னொன்று வாங்கிவிடலாம். என் கேமரா டி3200. அதன் உடலில் ஃபோகஸ் மோட்டார் இல்லாததால் இந்த டி வகை லென்ஸைக் கையால்தான் திருப்ப வேண்டும். அதனாலேயே அது பாதி நாள் பையில் தூங்கிக்கொண்டிருந்தது. சரி, கெட்டால் கெட்டுப்போகட்டும் என்று நானே பிரிப்பதாக முடிவு செய்தேன். பிரித்துத் துடைத்து, தலைகீழாக மாட்டி, சின்னப் பொருளை நெருங்கிப் பெரிதாக எடுக்கும் மேக்ரோ லென்ஸாக்கி, வீட்டைச் சுற்றி இருப்பதைப் படம் எடுப்பது என்பது திட்டம். பறவைப் படம் எடுக்கும் ஆசையும் எனக்கு உண்டு. ஊசுடு ஏரி பக்கத்தில்தான், பிச்சாவரமும் தூரமில்லை. ஆனால் அதற்கு வேண்டிய நீள லென்ஸின் விலையைக் கேட்டாலே ஆசை அடங்கிவிடும்.

முதலில் துடைக்கும் வேலை. இந்த மாதிரி லென்ஸ்களில் முன்பக்கம் பெயர் எழுதிய வளையம் வெறும் மரையில்தான் நிற்கும். சிங்க் அடைக்கிற ரப்பர் மூடியில் சரியான விட்டம் உள்ள ஒன்றை எடுத்து வளையத்தின் மேல் மட்டும் படும்படி அழுத்தித் திருப்பினால் கழன்று வரும். உள்ளே இருக்கும் ஸ்க்ரூக்கள் ஜப்பான் அளவு. நம்மூர் ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் அவற்றில் முழுதாக உட்காராது, தலையைத் தின்றுவிடும். மொபைல் பழுது பார்ப்பவர்களிடம் சரியான முனை கிடைக்கும். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுவதற்கு முன் விளிம்பில் பென்சிலால் ஒரு கோடு, ஒரு போட்டோ. கழற்றிய வரிசையிலேயே வெள்ளைத் துணியில் இடமிருந்து வலமாக வைத்துவிட வேண்டும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

பூஞ்சைக்கு முதலில் ஐசோபுரொபைல் ஆல்கஹால், அதற்கு மசியாத இடத்துக்கு மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடு, கடைசியில் மறுபடி ஆல்கஹால். இரண்டையும் கலக்கக் கூடாது, ஒன்று காய்ந்த பிறகுதான் இன்னொன்று. துணியில் நனைத்து நடுவிலிருந்து வெளியே சுற்றிச் சுற்றித் துடைக்க வேண்டும். நூல் போய்விட்டது. ஆனால் சாய்த்துப் பார்த்தால் அது படர்ந்த தடம் மங்கலாகத் தெரிகிறது. பூஞ்சை அமிலத்தைக் கசியவிட்டுக் கண்ணாடியின் பூச்சை அரிக்கும், அரித்தது அரித்ததுதான். வெயிலுக்கு நேராக எடுத்தால் அந்த இடம் கொஞ்சம் பூத்துத் தெரியும், மற்றபடி படத்தில் ஒன்றும் தெரியவில்லை. மொட்டை மாடி வெயிலில் வைத்தால் பூஞ்சை செத்துவிடும் என்று ஒரு வைத்தியம் சொல்வார்கள். அதைச் செய்யாதீர்கள். சூட்டில் உள்ளே இருக்கும் கிரீஸ் இளகி, வெளிச்சம் நுழையும் துளையைப் பெரிதும் சிறிதுமாக்கும் அப்பர்ச்சர் இதழ்களில் எண்ணெயாக ஏறிவிடும்.

இனி தலைகீழ் வேலை. லென்ஸைத் திருப்பி மாட்ட ரிவர்ஸ் ரிங் என்று ஒன்று சில நூறு ரூபாய்க்கு விற்கிறது. வாங்குவதே புத்திசாலித்தனம். நான் செய்து பார்க்க ஆசைப்பட்டுச் செய்தேன். புதுச்சேரி காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய கேமரா சாமான் குவியலில் லென்ஸ் மாட்டாத கேமராவின் வாயை மூடும் நிக்கான் பாடி கேப் ஒன்றும், கண்ணாடியில் கீறல் விழுந்த 52 எம்எம் யுவி ஃபில்டர் ஒன்றும் கிடைத்தன. கண்ணாடியைப் பிடித்திருக்கும் வளையத்தைக் கழற்றி எறிந்துவிட்டால் ஃபில்டர் வெறும் மரை வளையம். பாடி கேப்பின் நடுவில் காம்பஸால் வட்டம் போட்டு, வட்டத்தின் மேலேயே நெருக்கமாகத் துளையிட்டு, அரத்தால் ராவி வட்டமாக்கினேன். ஃபில்டரின் வெளிமரை லென்ஸ் பக்கம் பார்க்க வேண்டும், மறுபக்கம் கேப்பில் ஒட்ட வேண்டும். இரண்டு முகத்தையும் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, அரால்டைட் வைத்து, மேலே ஒரு அகராதியை ஏற்றி ராத்திரி முழுக்க விட்டேன். ஃபெவிகுவிக் வேண்டாம், அதன் ஆவி பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக்கிலும் கண்ணாடியிலும் வெள்ளைப் பூச்சாகப் படியும். ஒட்டிய பிறகு உள்பக்கம் முழுக்க மங்கலான கறுப்புப் பெயின்ட். பளபளப்பு மிஞ்சினால் படத்தில் வெளுப்பு அடிக்கும். பெயின்ட் அடிக்கும் முன்னால் ராவிய தூள் துளி இல்லாமல் கழுவித் துடைத்துவிடுங்கள், அது படம் பதியும் சென்சாரில் போய் உட்கார்ந்தால் வேறு தலைவலி.

லென்ஸைத் திருப்பினால் அதன் பின் கண்ணாடி வெளியே பார்த்து நிற்கும். அதற்குப் பாதுகாப்பு ஒன்றும் இருக்காது, முள்ளோ கிளையோ இடித்தால் தீர்ந்தது. பின் மூடி ஒன்றின் அடிப்பாகத்தை ஹேக்சா பிளேடால் அறுத்துவிட்டு வளையத்தை மட்டும் மாட்டினேன். இடி தாங்கவும் ஆயிற்று, பக்க வெளிச்சத்தை மறைக்கவும் ஆயிற்று.

மேசையில் ஸ்கேலை வைத்து ஒரு படம். சட்டத்தின் அகலத்தில் இரண்டரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகத் தெரிந்தது. டி3200 சென்சாரின் அகலமும் ஏறத்தாழ அதுவேதான். அதாவது பொருள் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிதாகவே சென்சாரில் விழுகிறது, ஒன்றுக்கு ஒன்று. மேக்ரோ லென்ஸ் என்று தனியாக விற்பவை தருவதும் இதைத்தான்.

இப்படி மாட்டினால் கேமராவுக்கு லென்ஸ் இருப்பதே தெரியாது. எல்லாவற்றையும் நாமே கையால் வைக்கும் எம் நிலையில்தான் வேலை செய்யும், வெளிச்சமும் அளக்காது. அப்பர்ச்சரை லென்ஸ் வளையத்தில் கையால் வைக்க வேண்டும்; டி லென்ஸை 22-இல் பூட்டி வைத்திருப்போம், சின்னப் பூட்டைத் தள்ளிவிட்டுத் திருப்ப வேண்டும். ஃபோகஸ் வளையத்தைத் திருப்பிப் பயனில்லை, உடம்பை முன்னும் பின்னும் நகர்த்துவதுதான் ஃபோகஸ். நான் நிலையாக வைத்துக்கொண்டது: எஃப் 8, ஷட்டர் நொடியில் 200-இல் ஒரு பங்கு, ஐஎஸ்ஓ 200, கேமராவின் சொந்த ஃபிளாஷ் கால் பங்கு வலுவில். எஃப் 8-ஐத் தாண்டிக் குறுக்கினால் தெளிவு கெடும். இந்த நெருக்கத்தில் எஃப் 8 என்பதே கிட்டத்தட்ட எஃப் 16 போல நடந்துகொள்கிறது. இவ்வளவு செய்தும் தெளிவாக இருக்கும் ஆழம் அரை மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். மூச்சு விட்டால் ஃபோகஸ் போய்விடும்.

அதற்கு ஒரு கைவித்தை உண்டு. இடது கையால் பூச்சி இருக்கும் காம்பை மெதுவாகப் பிடித்து, அதே கையின் மணிக்கட்டில் லென்ஸைச் சாய்த்துக்கொள்வது. காற்று ஆட்டினால் செடியும் கேமராவும் சேர்ந்தே ஆடும். ட்ரைபாடை விட இது எவ்வளவோ மேல். ட்ரைபாடின் கால் செடியில் இடித்ததுமே பூச்சி பறந்துவிடும்.

ஃபிளாஷ் வெளிச்சத்தை மென்மையாக்குவதுதான் எனக்குப் பிடித்த பகுதி. பிரிங்கிள்ஸ் சிப்ஸ் டப்பாவின் ஒரு முனையைச் சதுரமாக வெட்டி ஃபிளாஷில் செருகி, மறுமுனை லென்ஸின் நுனிக்கு மேலே வரும்படி ரப்பர் பேண்டில் கட்டினேன். டப்பாவின் உட்புறம் ஏற்கெனவே வெள்ளித்தாள், வெளிச்சம் வீணாகாது. வாயில் முதலில் பட்டர் பேப்பர் கட்டினேன், வண்டின் முதுகில் வெள்ளைத் திட்டு விழுந்தது. அம்மாவின் பெட்டியில் அப்பாவின் பழைய எட்டு முழ வேட்டி ஒன்று நைந்து கிடந்தது. அதில் ஒரு துண்டு கேட்டேன். எதற்கு என்று கேட்காமல் கிழித்துக் கொடுத்தாள். ஒரு மடிப்பு, இரண்டு மடிப்பு என்று கூட்டிக்கொண்டே போய், மூன்றில் வண்டின் ஓட்டு நிறம் அப்படியே வந்தது.

பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள், "வடலூர்ல திரையை ஒண்ணொண்ணா எடுப்பாங்க, நீ ஒண்ணொண்ணா போடுறியே" என்றாள்.

எங்கள் வீடு சன்மார்க்க வீடு. தாத்தா காலத்திலிருந்து தைப்பூசத்துக்கு வடலூர் போவது வழக்கம். 1872-இல் வள்ளலார் எழுப்பிய சத்திய ஞான சபையில் ஏழு நிறத்திரைகளை நீக்கி ஜோதி காட்டுவார்கள். 1867-இல் தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. நான் சிறுவயதில் போனதோடு சரி. கூட்டம் ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிவிடுவேன். உண்மையில் கூட்டம் மட்டும் காரணமில்லை. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் எங்கள் பலா, வேம்பு இரண்டையும் ஒரே காற்றில் சாய்த்துப் போட்டது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் கூண்டோடு போன வருஷம் அது, நம் இரண்டு மரம் ஒரு பெரிய நஷ்டமா என்று தேற்றிக்கொண்டு மறுபடி நட்டோம். வாழை, செம்பருத்தி, எலுமிச்சை, கறிவேப்பிலை எல்லாம் வந்தன. அதையும் ஃபெஞ்சல் வெள்ளம் முழங்கால் வண்டலுக்குள் அழுத்திவிட்டுப் போனது. இனி இந்த வீட்டில் எதை நட்டு என்ன என்று எனக்கு விட்டுப்போயிற்று. அம்மா மட்டும் காய்ந்து நின்ற கறிவேப்பிலைக் கட்டைக்குக் காலையில் அரிசி கழுவின தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் அதற்கு ஒன்றும் சொல்வதில்லை, அவளும் விளக்கம் சொல்வதில்லை.

மாசி கடைசியில் கட்டையிலிருந்து அல்ல, இரண்டடி தள்ளி வேரிலிருந்து ஒரு பக்கக்கன்று தலைகாட்டியது. மூன்று இணுக்கு, சாணுக்கும் குறைந்த உயரம். சோதனைக்கு எடுத்த வண்டு போக, லென்ஸ் தயாராகி முதலில் அதைத்தான் எடுத்தேன், வேறு எடுக்க எங்கள் கொல்லையில் ஒன்றும் இல்லை. தளிரின் அடியில் கடுகை விடச் சின்னதாக மஞ்சள் உருண்டை ஒன்று ஒட்டியிருந்தது. வண்ணத்துப்பூச்சி முட்டை.

தெரு முழுக்க அப்போதும் சேறும் காய்ந்த வாழைச்சருகும்தான். நாலைந்து வீட்டுக்குள் வேறு கறிவேப்பிலை, எலுமிச்சை எதுவும் மிஞ்சியதாகத் தெரியவில்லை. அந்தச் சாண் உயரத்து இணுக்கை எது கண்டுபிடித்தது என்று பார்த்துவிட வேண்டும் போல இருந்தது. அடுத்தடுத்த காலைகளில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தேன். ஒரு வெயில் நேரத்தில் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி வந்தது, கறுப்பில் வெளிர்மஞ்சள் திட்டும் பின் இறகில் செங்கல் நிறப் பொட்டும் உள்ள அது. முதலில் பக்கத்துப் பூண்டுச் செடியில் இறங்கி முன்காலால் இலையைப் படபடவென்று தட்டியது, உடனே எழுந்துவிட்டது. அடுத்த செடி, மறுபடி தட்டல், மறுபடி எழுந்தது. கறிவேப்பிலை இணுக்கில் இறங்கித் தட்டியதும் நின்றது, வயிற்றை வளைத்து இலையின் அடியில் ஒரு முட்டை வைத்தது. இந்தக் குடும்பத்து வண்ணத்துப்பூச்சிகளில் தாய்க்கு முன்காலில் ருசி உணரும் முடிகள் உண்டு. புழுவுக்கு ஏற்ற இலைதானா என்று தட்டி ருசி பார்த்துத்தான் முட்டை இடும். அந்தத் தட்டலை எடுத்த படம் கொஞ்சம் ஆடித்தான் விழுந்தது. நான் எடுத்தவற்றில் அதை மட்டும் அழிக்க மனம் வரவில்லை.

புழு பொரிந்ததும் தன் முட்டை ஓட்டைத் தின்றது. சின்னப் புழு பார்க்கக் காக்காய் எச்சம்தான்: பழுப்பும் வெள்ளையும் கலந்து ஈரமாக மினுக்கும். கண்ணால் பார்த்தால் அவ்வளவுதான், லென்ஸில் பார்த்தால் ஒவ்வொரு கணுவிலும் முள் முள்ளாகச் சதை. கடைசித் தோல் உரிந்ததும் ஆள் மாறி, பச்சை உடம்பும் முதுகின் முன்பக்கம் இரண்டு பெரிய கண்ணுமாக நின்றது. அவை பொய்க்கண்கள். நிஜத் தலை அதற்குக் கீழே குனிந்திருக்கும், நிஜக் கண்கள் பக்கத்துக்கு ஆறாகக் கரும்புள்ளிகள். விலாவில் வரிசையாக நீள்வட்டத் துளைகள், அவை வழியாகத்தான் மூச்சு. காம்பை நான் கொஞ்சம் அழுத்திப் பிடித்ததும் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறக் கவட்டை ஒன்று நீண்டது, அழுகின எலுமிச்சை வாடை. எதிரியை விரட்டும் வேலை. விரட்டியது, நானும் நகர்ந்துவிட்டேன்.

இங்கே ஒரு சிக்கல். மூன்று இணுக்குக் கன்றைப் புழு தின்றால் கன்று போய்விடும். முன்பெல்லாம் அம்மா புழுவைக் கண்டால் முறத்தால் தட்டி வெளியே போடுவாள். உயிரிரக்கம் வேறு, கறிவேப்பிலை வேறு என்பது அவளுடைய நடைமுறை. லேப்டாப்பில் அந்த மூச்சுத் துளைகளைப் பெரிதாக்கிக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். "இதுவும் மூச்சு விடுதா" என்று மட்டும் கேட்டாள். மறுநாள் காய்காரம்மாவிடம் கொசுறு இல்லாமல் காசு கொடுத்தே இரண்டு ரூபாய்க்குக் கறிவேப்பிலை வாங்கி, பாதியைத் தண்ணீர்ப் புட்டியில் செருகிக் கன்றின் பக்கத்தில் சாய்த்து வைத்தாள். புழு அதில் ஏறிக்கொண்டது. வாங்கின இலையில் மருந்து அடித்திருக்கும், அதை நன்றாகக் கழுவி ஊறவைத்த பிறகுதான் வைத்தாள். அந்த யோசனை எனக்கு வரவில்லை, அவளுக்கு வந்தது.

வடலூருக்கு அவள் எதற்குப் போகிறாள் என்று எனக்கு அன்றைக்குக் கொஞ்சம் புரிந்த மாதிரி இருந்தது. ஏழாவது திரைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதைப் பற்றி எனக்கு இன்னும் கருத்து இல்லை. ஆனால் அரை மில்லிமீட்டர் ஆழத்தைப் பிடிக்க மூச்சை அடக்கிக் குனிந்திருக்கும் நேரத்தில், செத்த கொல்லை என்று நான் எழுதிவிட்ட இடம் அப்படி இல்லை என்று தினமும் தெரிந்தது. முருங்கைக் கட்டையில் முசுறு எறும்புகள் தம் புழுவைத் தறி நாடா மாதிரி அங்குமிங்கும் நகர்த்தி, அது விடும் பட்டு நூலால் இலைகளைத் தைத்துக்கொண்டிருந்தன. சமையலறைச் சுவரில் குதிக்கும் சிலந்தி முன்பக்கம் நான்கு கண்ணோடு திரும்பி லென்ஸைப் பார்த்தது. பெரிய கண் இரண்டும் கறுப்பிலிருந்து பழுப்புக்கு மாறும். உள்ளே விழித்திரைக் குழல் நகர்வதால் வரும் மாற்றம் அது. இதெல்லாம் வெள்ளத்துக்கு முன்னாலும் இருந்திருக்கும். நான் ஊசுடுக்குப் போக லென்ஸ் இல்லையே என்று சலித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இந்த மாதிரிப் படம் எடுக்க வருகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பூச்சியை ஃபிரிட்ஜில் வைத்து மரத்துப்போக வைத்துப் படம் எடுக்கும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. அதற்கு அவசியமே இல்லை. மார்கழி, தை விடியலில் பனியில் தட்டான் தானாகவே அசையாமல் இருக்கும், இறகில் பனித்துளி இலவசம். வெயில் ஏறி உடம்பு சூடாகும் வரை பத்து விரல் தூரத்தில் உட்கார்ந்து எடுக்கலாம். சீக்கிரம் எழுந்திருக்க முடியாதவர்கள் சிலந்தியை எடுங்கள், அது எந்த நேரமும் வீட்டில் இருக்கும்.

லென்ஸ் இப்போது ரப்பர் விளிம்பு வைத்த காற்றுப் புகாத டப்பாவில் வாழ்கிறது. கூடவே சின்ன ஈரப்பதமானி ஒன்று. 40-க்கும் 50-க்கும் நடுவில் முள் நின்றால் போதும், ரொம்ப உலர்த்தினாலும் உள்ளே இருக்கும் ரப்பருக்கும் பசைக்கும் நல்லதில்லை. சிலிக்கா ஜெல் வாங்கும்போது நிறம் மாறும் வகையாக வாங்குங்கள். நீலம் ரோஜாவானால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம், சூடாக்கினால் மறுபடி நீலமாகும். நீல வகையில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, அதனால் தோசைக்கல்லில் வறுக்காதீர்கள். அதற்கென்று ஒரு பழைய இரும்புச் சட்டி ஒதுக்கிவிடுங்கள், அல்லது ஆரஞ்சு வகை வாங்குங்கள். அரிசி போட்டு வைப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை, மாவுத்தூள்தான் லென்ஸில் ஏறும்.

அடுத்து கேமராவோடு சேர்த்து விற்கும் 18-55 கிட் லென்ஸைத் திருப்பிப் பார்க்கப் போகிறேன். 18-இல் வைத்துத் திருப்பினால் ஒன்றுக்கு மூன்று மடங்குக்கும் மேல் பெரிதாகும், முட்டையின் மேல்தோல் வரை தெரியும். அதில் அப்பர்ச்சர் வளையம் கிடையாது, கழற்றியதும் இதழ் முழுக்க மூடிக்கொள்ளும். பின்பக்கச் சின்ன நெம்புகோலை அட்டைத் துண்டு சொருகித் திறந்து நிறுத்த வேண்டும். எவ்வளவு தடிமன் அட்டைக்கு எஃப் 8 வரும் என்று கல்யாணப் பத்திரிகைகளைக் கிழித்துக் கிழித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பச்சைப் புழுவின் படத்தை 12-க்கு 18 அங்குலத்தில் பிரிண்ட் போடக் கொடுத்தேன். அம்மா கேட்டாள், சமையலறையில் காலண்டர் பக்கத்தில் மாட்ட. லேபில் இருந்த பையன் ஸ்க்ரீனில் பார்த்துவிட்டு, "பாம்பை இவ்ளோ கிட்டப் போயா சார் எடுத்தீங்க?" என்றான். கறிவேப்பிலைப் புழு என்றதும் நம்பவில்லை. பொய்க்கண்ணுக்குக் கீழே நிஜத் தலையை விரல் வைத்துக் காட்டினேன். "எங்க வீட்டுச் செடியிலயும் இது இருக்குமா?" என்றான். இலையின் அடியில் பார் என்று சொல்லிவிட்டு, மேட் தாளா பளபளப்புத் தாளா என்ற பேச்சுக்கு வந்தோம். சமையலறைக்கு மேட் தாள்தான் நல்லது, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தால் கறை தெரியாது என்றான். மேட்டிலேயே போடச் சொல்லிவிட்டு வந்தேன்.